கோப்புறைகளை வெளி வன்தட்டுக்கு நகர்த்துவதில் சிக்கல்: சில படங்கள் வர மறுக்கின்றன, ‘கோயில்கள்’ இரண்டாகத் தோன்றுகிறது

கேள்வி – ஓய்வுபெற்ற தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். 2009ஆம் ஆண்டு முதல் விடுமுறை நாள்களில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, அரியலூர் மாவட்டக் கோயில்களுக்குச் சென்று கல்வெட்டுகளைப் படமெடுத்து வருகிறேன். இன்றைக்கு ஏறத்தாழ 38,000 படங்களும், அவற்றின் வாசகத்தை நானே தட்டச்சு செய்து வைத்த 9,000 சிறு குறிப்புக் கோப்புகளும் என் கணினியின் டி டிரைவில் இருக்கின்றன. கோப்புறைகளுக்கும் கோப்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். பல படங்களுக்குக் கல்வெட்டின் முதல் வரியையே பெயராகக் கொடுப்பது என் வழக்கம். ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் அது முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி (அரசனின் புகழ் பாடும் கல்வெட்டுத் தொடக்கம்) என்று படத்தைத் திறக்காமலே தெரிந்துவிடும் என்பதுதான் காரணம்.

சென்ற வாரம் 1 டெராபைட் வெளி வன்தட்டு ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் வெட்டி அதில் ஒட்டினேன். இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடிய பிறகு, சேருமிடத்திற்குப் பெயர் மிக நீளமாக இருக்கிறது என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் செய்தி வந்தது. தவிர்க்கலாம் என்ற பொத்தானை அழுத்தினேன். மீண்டும் வந்தது, மீண்டும் அழுத்தினேன். சலித்துப்போய், இனி வருவன எல்லாவற்றையும் தவிர்க்கச் சொல்லிவிட்டு உறங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் பெரும்பகுதி புதிய வட்டிலும், முன்னூற்றுச் சொச்சம் படங்கள் பழைய இடத்திலும் கிடக்கின்றன. எடுத்துக்காட்டுக்கு ஒரு கோப்பின் முழு முகவரியைத் தருகிறேன். இது நீளம் குறைந்தது, ஆகையால் ஒழுங்காக நகர்ந்துவிட்டது. நகராதவை இதே கோப்புறையில் இருக்கும் இதைவிட நீண்ட பெயர்கள்.

டி:\பழைய கணினியிலிருந்து எடுத்தவை\கல்வெட்டுப் படங்கள்\தஞ்சாவூர் மாவட்டம்\தஞ்சாவூர்\பெரிய கோயில்\தெற்குச் சுவர் குமுதப்படைக் கல்வெட்டு.ஜேபிஜி

எனக்கு விளங்காதது என்னவென்றால், சென்ற ஆண்டு ‘கல்வெட்டுப் படங்கள்’ என்ற கோப்புறையை அப்படியே ‘பழைய கணினியிலிருந்து எடுத்தவை’ என்பதற்குள் நகர்த்தியபோது ஒரு நொடியில் முடிந்தது, எந்தப் புகாரும் வரவில்லை. அதே பெயர்கள் இன்றைக்கு மட்டும் எப்படி நீளமாகிப் போயின?

இது தவிர மூன்று தொல்லைகள் உள்ளன. ‘குறிப்புகள்’ என்ற கோப்புறையைத் தொட்டாலே, அது வேறொரு நிரலில் திறந்திருப்பதாகச் சொல்கிறது, நானோ எதையும் திறந்து வைக்கவில்லை. பழைய கணினியின் வட்டிலிருந்து வந்த ‘2013 வரை’ என்ற கோப்புறைக்கு அனுமதி இல்லை என்கிறது, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று பார்த்தால் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்வரிசை ஒன்றைக் காட்டுகிறது. மூன்றாவதுதான் விந்தை. என் பழைய மாணவர் ஒருவர் தம் மேக் கணினியிலிருந்து சில படங்களைச் சுருக்கக் கோப்பாக அனுப்பியிருந்தார். அதை விரித்து என் கோப்புறைகளோடு சேர்த்தபோது, ‘கோயில்கள்’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் இருக்க முடியாது என்றுதான் நான் படித்திருக்கிறேன். பெயரின் முன்னும் பின்னும் இடைவெளி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன், இல்லை.

விண்டோஸ் 11 பயன்படுத்துகிறேன். எந்தப் படத்தையும் இழந்துவிடக் கூடாது என்பதால் இப்போதைக்கு எதையும் தொடாமல் வைத்திருக்கிறேன்.

விடை 1 – பழுதுநீக்குநர், திருச்சி

வணக்கம் அம்மா. எதையும் தொடாமல் வைத்தீர்களே, அதுவே பாதி வேலை முடிந்தது போல. கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்டத்தில் மறுபடியும் ஒருமுறை வெட்டி ஒட்டிவிட்டு, எது எங்கே போனது என்று தெரியாத நிலையில்தான் வருவார்கள்.

நீங்கள் விளங்கவில்லை என்று சொன்ன இடத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. நகர்த்துதல் என்று நாம் ஒரே சொல்லால் சொல்லும் செயல், உண்மையில் இரண்டு வெவ்வேறு செயல்கள். ஒரே டிரைவுக்குள் ஒரு கோப்புறையை நகர்த்தினால் உள்ளே இருக்கும் ஒரு படத்தைக்கூட விண்டோஸ் தொடுவதில்லை. இந்தக் கோப்புறை இனி இன்ன கோப்புறையின் கீழ் இருக்கிறது என்று அட்டவணையில் ஒரே ஒரு பதிவை மாற்றி எழுதுகிறது, அவ்வளவுதான். வீட்டில் ஒரு பொருளையும் அசைக்காமல் வாசலில் தெருப்பெயர்ப் பலகையை மட்டும் மாற்றியது போல. அதனால்தான் ஒரு நொடியில் முடிந்தது. ஆனால் ஒரு டிரைவிலிருந்து இன்னொரு டிரைவுக்கு என்றால், ஒவ்வொரு கோப்பையும் அதன் முழு முகவரியோடு தனித்தனியே திறந்து படித்து, அங்கே எழுதி, பிறகு இங்கே அழிக்க வேண்டும். முகவரியின் நீளம் அப்போதுதான் தடுக்கிறது.

அந்த நீளத்துக்கு விண்டோஸில் நெடுங்காலமாக இருந்துவரும் எல்லை 260. டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, சாய்கோடுகள், இடைவெளிகள், நீட்சி எல்லாம் இதில் அடக்கம். இறுதியில் கண்ணுக்குத் தெரியாத முடிவுக்குறி ஒன்றும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், நமக்குக் கிடைப்பது 259 தான். சென்ற ஆண்டு ‘கல்வெட்டுப் படங்கள்’ கோப்புறையை இன்னொன்றுக்குள் வைத்தபோது உள்ளே இருந்த ஒவ்வொரு கோப்பின் முகவரியும் ஒரேயடியாக நீண்டது. எல்லையின் விளிம்பில் நின்றவை அன்றைக்கே தாண்டிவிட்டன. அட்டவணையில் ஒரு வரி மட்டுமே மாறியதால் அது யாருக்கும் தெரியாமல் போயிற்று.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இந்த 260 இன்னும் குறுகியது. நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைக் கணினி பெரும்பாலும் இரண்டாக எண்ணுகிறது. ‘டு’ என்பது டகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. ‘ல்’ என்பது லகரம் ஒன்று, புள்ளி ஒன்று. நீங்கள் கொடுத்த முகவரியையே எண்ணிப் பார்த்தேன். அதில் தமிழ் எழுத்துகள் 67. கணினியின் கணக்கில் அவை 116. இடைவெளிகள் 8, டிரைவின் பெயருக்கு 3, இடையில் உள்ள சாய்கோடுகள் 5, நீட்சிக்குப் புள்ளியோடு 4 என்று கூட்டினால் 136. நீளம் குறைந்தது என்று நீங்கள் சொன்ன முகவரியே பாதி எல்லையைத் தின்றுவிட்டது. மெய்க்கீர்த்தியின் முதல் வரிகளையும் படமெடுத்த நாளையும் இதன்மேல் சேர்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்தும் நோய் வந்த வழியிலேயே இருக்கிறது. ‘பழைய கணினியிலிருந்து எடுத்தவை’ என்ற பெயர் மட்டும் 29 இடங்களைப் பிடிக்கிறது. அதை ‘ப’ என்று ஒற்றை எழுத்தாக மாற்றுங்கள். பெயர் மாற்றுவதும் அட்டவணையில் ஒரே பதிவுதான், எனவே அது தடையின்றி நடக்கும், உள்ளே உள்ள எல்லாக் கோப்புகளுக்கும் 28 இடங்கள் மிச்சமாகும். ‘கல்வெட்டுப் படங்கள்’ என்பதையும் ‘க’ என்று மாற்றினால் மேலும் 18 மிச்சம். வெளி வட்டிலும் இவ்வாறே குறுகிய பெயரில் கோப்புறை அமைத்துவிட்டு, தங்கிப்போன முன்னூறு படங்களை அங்கே நகலெடுங்கள். வெட்ட வேண்டாம், நகலெடுங்கள். இரு பக்கமும் எண்ணிக்கை சரியாக இருப்பதை உறுதி செய்த பிறகு பழையதை அழித்தால் போதும். இரண்டு வட்டுகளுக்கு இடையே வெட்டி ஒட்டும் பழக்கத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நடுவில் மின்சாரம் போனாலோ கம்பி அசைந்தாலோ, பாதி இங்கும் பாதி அங்கும் என்ற நிலைதான் மிஞ்சும்.

‘குறிப்புகள்’ திறந்திருப்பதாகச் சொல்வதற்கு, கோப்பு உலாவியின் வலப்பக்கத்தில் முன்னோட்டப் பலகம் திறந்திருந்தால் அதுவே போதும். அதை மூடிவிட்டுப் பாருங்கள். அப்படியும் விடவில்லை என்றால், தொடக்கப் பட்டியலில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, சிபியூ என்ற தாவலில் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற தேடற்பெட்டியில் கோப்புறையின் பெயரை இட்டால், எந்த நிரல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று காட்டிவிடும்.

‘2013 வரை’ கோப்புறை கேட்கும் அனுமதி, உங்கள் பழைய கணினியில் இருந்த உங்களிடமே கேட்கும் அனுமதிதான். விண்டோஸ் உரிமையாளரைப் பெயரால் நினைவில் வைப்பதில்லை, அந்த நீண்ட எண்ணால்தான் வைக்கிறது. புதிய கணினியில் அதே பெயரில் கணக்குத் தொடங்கினாலும் எண் வேறு. அந்தக் கோப்புறையின் மேல் வலச்சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று சென்று, உரிமையாளர் என்ற இடத்தில் இப்போதைய உங்கள் கணக்கைக் கொடுத்து, உள்ளே உள்ளவற்றுக்கும் பொருந்தும் என்ற கட்டத்தைக் குறியிட்டுச் சேமியுங்கள். அதன் பிறகும் உள்ளே போக முடியாவிட்டால், அதே பக்கத்தில் உங்கள் கணக்குக்கு முழு அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். விண்டோஸ் நிறுவப்பட்டுள்ள கோப்புறைகளில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்.

இரட்டைக் ‘கோயில்கள்’ பற்றி எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

விடை 2 – பொறியியல் மாணவன்

அம்மா, பெயர்களைச் சுருக்க வேண்டிய தேவையே இல்லை. 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607ஆம் பதிப்பிலிருந்து இந்த 260 எல்லையை நீக்கிக்கொள்ளலாம். விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் லாங்பாத்ஸ்எனேபிள்டு என்ற மதிப்பை 1 என்று மாற்றிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

விடை 3 – பழுதுநீக்குநர், திருச்சி

தம்பி சொல்வது பாதி உண்மை. அந்த மதிப்பை மாற்றினால், நீண்ட முகவரிகளை ஏற்பதாகத் தன்னை அறிவித்துக்கொண்ட நிரல்களுக்கு மட்டுமே அது பயன்படும். கோப்பு உலாவி அந்த வரிசையில் இல்லை. அம்மா இழுத்து விடுவதும் வெட்டி ஒட்டுவதும் கோப்பு உலாவியில்தான், எனவே ரெஜிஸ்ட்ரியை மாற்றிய பிறகும் அதே செய்தி வந்து நிற்கும்.

கட்டளை வரியில் வேலை செய்யத் தயங்காதவர்களுக்கு விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கருவி இருக்கிறது. அது எந்த மாற்றமும் செய்யாமலே நீண்ட முகவரிகளைக் கையாளும், கோப்புறைகளின் பழைய தேதிகளையும் கேட்டுக்கொண்டால் காப்பாற்றித் தரும். ஆனால் அதில் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கோப்பை நகலெடுக்க முடியாவிட்டால், நாம் வேறு எதுவும் சொல்லாத பட்சத்தில், அது 30 நொடிக்கு ஒருமுறை என 10 லட்சம் முறை முயலும். கணக்குப் போட்டால் பிடிபடாத ஒரே கோப்புக்காக ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்கும். எனவே மறுமுயற்சிக்கான ஆர் என்ற தெரிவையும் காத்திருப்புக்கான டபிள்யூ என்ற தெரிவையும் 1 என்று கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது, நடந்தவற்றைப் பதிவுக் கோப்பாகக் கேட்கும்போது வெறும் லாக் என்று கேட்காமல் யூனிலாக் என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் வினாக்குறிகளாக வந்து நிற்கும், எது வரவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. மிர் என்ற தெரிவின் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். மூலத்தில் இல்லாதவற்றைச் சேருமிடத்தில் அழித்துவிடுவது அதன் இயல்பு. உங்களுக்கோ மூலத்தில் இப்போது முன்னூறு படங்கள்தான் இருக்கின்றன.

விடை 4 – அச்சுக்கோப்பாளர்

அம்மா, உங்கள் இரண்டு ‘கோயில்கள்’ என் தொழிலில் அடிக்கடி பார்ப்பவை. கண்ணுக்கு ஒன்றாக இருப்பவை எல்லாம் கணினிக்கு ஒன்றல்ல.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். முதல் கோப்புறையின் பெயரை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். சுட்டியை ‘கோ’ என்ற எழுத்துக்குப் பின்னால் வைத்து, பின்னழிப்பு விசையை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். அடுத்த வரியில் இரண்டாவது கோப்புறையின் பெயரை ஒட்டி, அதையே செய்யுங்கள். ஒன்றில் ‘க’ மட்டும் மிஞ்சும். இன்னொன்றில் ‘கே’ மிஞ்சும் என்பது என் ஊகம்.

காரணம் இதுதான். தமிழாசிரியையான உங்களுக்குக் கொம்பும் காலும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ‘கோ’ என்று எழுதக் கையெழுத்தில் இரட்டைக் கொம்பு, ககரம், துணைக்கால் என்று மூன்று வடிவங்களை இடுகிறோம் அல்லவா? ஒருங்குறியில் (யூனிகோடில்) ஓகாரக் குறியை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த முழு ஓகாரக் குறிக்கென்றே தனிக் குறியீடு ஒன்று இருக்கிறது. ஏகாரக் கொம்பைத் தனியாகவும் துணைக்காலைத் தனியாகவும் அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே ‘கோ’ தான் வரும். ஒருங்குறி விதிப்படி இரண்டும் நிகரானவை. ஆனால் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை பெயர்களை ஒப்பிடும்போது அந்த நிகர்மையைப் பார்ப்பதில்லை. குறியீடு வேறு என்றால் பெயரும் வேறு என்று இரண்டு கோப்புறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடும்.

மேக் கணினிகளில் 2017இல் ஏபிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமை வரும்வரை புழங்கிய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை, எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்த வடிவத்தில்தான் சேமித்தது. உங்கள் மாணவர் அனுப்பிய சுருக்கக் கோப்பு அப்படிப்பட்ட வட்டிலிருந்து வந்திருந்தால் அதிலுள்ள ஒகர, ஓகார, ஔகாரப் பெயர்கள் எல்லாமே பிரிந்துதான் இருக்கும். ‘தஞ்சாவூர்’ ஒழுங்காக ஒன்று சேர்ந்திருக்கும், ‘புதுக்கோட்டை’ இரண்டாகியிருக்கும். பாருங்கள், சரியா என்று.

சரிசெய்வது எளிது. இரண்டையும் முதலில் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, பிரிந்த வடிவத்தில் உள்ள கோப்புறையின் பெயரை முழுவதும் அழித்துவிட்டு, உங்கள் வழக்கமான விசைப்பலகையில் ‘கோயில்கள்’ என்று புதிதாகத் தட்டுங்கள். இப்போது அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக்கட்டுமா என்று விண்டோஸ் கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். உள்ளே ஒரே பெயரில் படங்கள் இருந்து, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால் மட்டும் அவசரப்படாமல் இரண்டையும் திறந்து பார்த்து முடிவு செய்யுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில், நிகரான வடிவங்களை ஒரே வடிவமாக்கும் நார்மலைஸ் என்ற செயற்கூற்றைக் கொண்டு மொத்தமாக மாற்றலாம், ஆனால் பத்துப் பதினைந்து கோப்புறைகளுக்குக் கையால் மாற்றுவதே பாதுகாப்பு.

கேள்வி கேட்டவர்

அச்சுக்கோப்பாளர் ஐயா, பின்னழிப்பு விசையை அழுத்தியதும் இரண்டாவது வரியில் ‘கேயில்கள்’ என்று வந்து நின்றதைப் பார்த்து உண்மையிலேயே சிரித்துவிட்டேன். முப்பத்தோர் ஆண்டுகள் பிள்ளைகளுக்கு உயிர்மெய் சொல்லிக்கொடுத்தவளுக்கு இப்படி ஒரு பாடம். நீங்கள் சொன்னபடியே ‘புதுக்கோட்டை மாவட்டம்’ இரண்டாக இருந்தது, ‘அரியலூர் மாவட்டம்’ ஒன்றாகவே இருந்தது.

பழுதுநீக்குநர் ஐயா, ‘ப’, ‘க’ என்று மாற்றியதும் மிச்சமிருந்த படங்களில் ஐந்து தவிர மற்றவை அனைத்தும் போய்ச் சேர்ந்தன. அந்த ஐந்தின் பெயர்களை நானே சுருக்கினேன். குறிப்புகளைப் பிடித்துக்கொண்டிருந்தது முன்னோட்டப் பலகம்தான். ‘2013 வரை’ கோப்புறைக்கு உரிமையாளரை மாற்றிய பிறகு ஒழுங்காகத் திறக்கிறது.

சரிபார்ப்பதற்காக, முன்பே நகர்ந்துவிட்டவற்றையும் வெளி வட்டிலிருந்து டி டிரைவுக்கு நகலெடுத்து வைத்தேன். இப்போது ஒரே ஓர் ஐயம். இரண்டு இடங்களிலும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறது. அளவு என்ற வரியிலும் ஒரே எண் காட்டுகிறது. ஆனால் வட்டில் பிடித்துள்ள அளவு என்ற வரியில் மட்டும், வெளி வட்டில் மூன்று கிகாபைட்டுக்கு மேல் கூடுதலாகக் காட்டுகிறது. எங்காவது இருமுறை நகலாகிவிட்டதா? அழிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

விடை 5 – நூலகக் காப்பாளர்

இருமுறை நகலாகவில்லை அம்மா, நீங்கள் அஞ்ச வேண்டாம். எண்ணிக்கையும் முதல் வரியில் உள்ள அளவும் ஒத்துப்போனால் கோப்புகள் முழுமையாக வந்துவிட்டன என்றே கொள்ளலாம்.

வட்டில் இடம் ஒதுக்குவது பைட்டுக் கணக்கில் நடப்பதில்லை, கட்டங்களாக நடக்கிறது. உங்கள் டி டிரைவ் என்டிஎஃப்எஸ் முறைமையில் இருந்தால் ஒரு கட்டம் வழக்கமாக 4 கிலோபைட். கடையில் வாங்கிய வெளி வட்டு எக்ஸ்ஃபேட் முறைமையில் இருந்தால், 1 டெராபைட் அளவுக்கு வழக்கமான கட்டம் 128 கிலோபைட். இரண்டு கிலோபைட் குறிப்புக் கோப்பு ஒன்று அங்கே தனக்கென்று 128 கிலோபைட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்களிடம் அப்படி 9,000 இருக்கின்றன, அவை மட்டுமே ஒரு கிகாபைட்டுக்கு மேல் வீணாக்கும். படங்கள் ஒவ்வொன்றும் தன் கடைசிக் கட்டத்தில் சராசரியாகப் பாதியை வீணாக்கினால், 38,000 படங்களுக்கு மேலும் இரண்டு கிகாபைட்டுக்கு மேல் ஆகும். நீங்கள் சொன்ன வேறுபாடு அத்தோடு சரியாகப் பொருந்துகிறது. வெளி வட்டின் மேல் வலச்சொடுக்கி ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் எந்த முறைமை என்று தெரியும். எக்ஸ்ஃபேட்டில் அனுமதிப் பட்டியலே கிடையாது என்பதால், ‘2013 வரை’ போன்ற தொல்லை அந்த வட்டில் வராது. அதே காரணத்தால், வட்டைக் கையில் எடுத்தவர் எவரும் அழிக்கவும் முடியும்.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். கல்வெட்டின் முதல் வரியைக் கோப்பின் பெயராக வைப்பது எவ்வளவு வசதி என்று எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தத் தொகுப்பை நாளை ஏதேனும் நிறுவனத்துக்குக் கொடுக்க நேர்ந்தால், அது பெரும்பாலும் லினக்ஸ் சேமிப்பகத்துக்குத்தான் போய்ச் சேரும். அங்கே பரவலாக உள்ள எக்ஸ்ட்4 முறைமையில் முழு முகவரிக்கு இந்த 260 கிடையாது என்றாலும், ஒரு பெயருக்கு 255 பைட்டு என்ற எல்லை உண்டு. தமிழில் ஒவ்வொரு குறியீடும் அங்கே 3 பைட்டு. ஆக ஒரு பெயருக்கு 85 குறியீடுகள்தான் தேறும், நம் கணக்கில் ஐம்பது எழுத்துகளுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ. உங்கள் மெய்க்கீர்த்திப் பெயர்களில் பல அங்கே நுழையவே நுழையா. ஊர்ப்பெயரும் வரிசை எண்ணும் கொண்ட சிறு பெயரைக் கோப்புக்கு வைத்துவிட்டு, முதல் வரி, நாள், சுவரின் திசை ஆகியவற்றை ஒரு விரிதாளில் அதே எண்ணுக்கு எதிரே எழுதி வைத்தால், தேடுவதும் இன்னும் எளிதாகும். ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இனி எடுக்கும் படங்களுக்காவது தொடங்கலாம்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. வட்டு எக்ஸ்ஃபேட் தான். விரிதாள் யோசனையை ஏற்கிறேன், ஆனால் பழைய படங்களின் பெயரை மாற்ற மனம் வரவில்லை. புதியவற்றுக்கு ‘தஞ்சை 0412’ என்பது போல வைக்கத் தொடங்கியிருக்கிறேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து அழிக்கப் போகும்போது கும்பகோணக் கோப்புறையில் ‘கௌதமேசுவரர் கோயில்’ இரண்டு முறை இருப்பதைக் கண்டேன். இவை மாணவர் அனுப்பியவை அல்ல, இரண்டும் நான் வைத்த பெயர்கள். இரண்டின் பெயரையும் அழித்துப் புதிதாகத் தட்ட வேண்டுமா?

விடை 6 – அச்சுக்கோப்பாளர்

இது வேறு கதை அம்மா. நோட்பேடில் ஒட்டி, ‘கௌ’ என்பதன் பின்னால் பின்னழிப்பை அழுத்துங்கள். ஒன்றில் ‘க’ மிஞ்சினால் அது சரியான ஔகாரம். இன்னொன்றில் ‘கெ’ மிஞ்சும், ஏனென்றால் அங்கே கொம்புக்காலுக்குப் பதிலாக ளகரத்தையே தட்டியிருப்பீர்கள், அதாவது ‘கெள’. பார்வைக்கு ஒன்றுதான் என்றாலும் இரண்டும் வேறு எழுத்துகள். ஆகையால் நார்மலைஸ் போன்ற எந்தக் கருவியும் இதைச் சேர்த்து வைக்காது. ளகரம் உள்ளதை மட்டும் திருத்தித் தட்டினால் போதும். ‘பௌர்ணமி’, ‘மௌனம்’ என்று தேடினால் இன்னும் சில அகப்படும். எங்கள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும்போது இந்த ஒன்றைத்தான் நாங்கள் தனியாக உட்கார்ந்து தேடுவோம்.

கேள்வி கேட்டவர்

நீங்கள் சொன்னபடியே ஒன்றில் ளகரம்தான் இருந்தது. அதில் 2011இல் எடுத்த 64 படங்கள் இருந்தன. அவற்றை எங்கோ தொலைத்துவிட்டேன் என்று எண்ணி, 2015இல் மறுபடியும் கும்பகோணம் போய் எடுத்துவந்தவைதான் மற்றொன்றில் உள்ள 58 படங்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.